"வயது போனால் இப்படித்தான்" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்: முதிய நாய் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் வயது போன நாயை வைத்திருக்கும் எவரும் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்ற விருப்பத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பிறவுணியை நகருக்கு அண்மையிலுள்ள ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்தில் பல மாதங்களாகக் காட்டி வந்தோம். அவளுக்கு என்ன வருத்தம் என்பதோ, அவளுடைய உடம்பில் ஏற்றிய மருந்து என்ன என்பதோ அந்தக் காலம் முழுவதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நிலையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே நடந்த முறையை மட்டும் விபரமாகச் சொல்கிறேன். அதே முறை உங்கள் நாய்க்கு நடந்தால் நீங்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

பிறவுணிக்கு வயது பன்னிரண்டு, நிறை 16 கிலோகிராம். கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்யப்படாத பெண் நாய். காலையில் படுக்கையை விட்டு எழும்பப் பின்னங்கால்களை ஊன்றச் சிரமப்படுவதும், முதலில் நொண்டி, நடக்க நடக்கச் சற்று இளகுவதுமாகத் தொடங்கியது. அதே காலத்தில் அவள் குடிக்கும் தண்ணீரின் அளவும் கூடிவந்தது. முற்றத்துக்கு அப்பால் வேலியோரம் மட்டும் சிறுநீர் கழித்துப் பழகியவள், இரவில் அடக்க முடியாமல் விறாந்தையிலேயே கழித்துவிட்டு மூலையில் போய் ஒதுங்கிப் படுப்பாள். கால் நோவையும் தண்ணீர் விடாயையும் இரண்டு தனித்தனி முறைப்பாடுகளாகவே வைத்தியரிடம் சொன்னோம்.

அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பற்றிய பேச்சை அவர் பொருட்படுத்தவில்லை. "பன்னிரண்டு வயசெல்லே அக்கா, மனிசருக்கெண்டால் எழுபது தாண்டின கணக்கு. இனி இப்பிடித்தான் இருக்கும். இந்த வெக்கைக்கு ஆர்தான் தண்ணி குடிக்கேல்லை?" என்றார். பிறகு ஓர் ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "நோவுக்கும் வீக்கத்துக்கும் போடுறதுதான், பயப்பிடாதேங்கோ" என்ற பதில் கிடைத்தது. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் திகதியையும் 'இன்ஜெக்ஷன்' என்ற ஒற்றைச் சொல்லையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். நாங்கள் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை. பிந்திய வருகைகளிலும் இதே கேள்வியும் இதே பதிலும்தான். குருதிப் பரிசோதனை செய்து பார்ப்போமா என்று நானே கேட்டபோது, வயது போன நாயை வீணாகக் குத்தி வதைக்க வேண்டாம் என்றார். அவள்மீது இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு பிறவுணி தெளிவாகவே தேறினாள்; ஓரிரு நாட்களுக்குத் துள்ளி எழும்பினாள், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டாள். அயலவர்கள் அந்த வைத்தியரைக் கைராசிக்காரர் என்று சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் ஸ்டீரொய்ட் வகை மருந்து ஏற்றப்பட்ட பெரும்பாலான நாய்கள், நோய் எதுவாக இருந்தாலும், சில நாட்களுக்கு உற்சாகமாகவும் அதிக பசியோடும்தான் இருக்கும். வீக்கத்தையும் நோவையும் அது தணிக்கிறது. அடியில் உள்ள நோயை அது காட்டித் தருவதில்லை. அத்தோடு தண்ணீர் விடாயையும் சிறுநீரின் அளவையும் அதுவே கூட்டவும் செய்யும். ஊசிக்குப் பிறகு நாய் தேறிவிட்டது என்பதை, நோய் சரியாகக் கண்டறியப்பட்டது என்பதற்குச் சான்றாக நீங்கள் ஒருபோதும் கொள்ளக்கூடாது.

கோடை வெப்பம் தணிந்த பின்னும் விடாய் குறையாதபோது, சட்டியில் ஊற்றும் தண்ணீரை அளந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாய் தன் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு நாளில் குடித்தால், அது இயல்பைக் கடந்த அளவாகவே கொள்ளப்படுகிறது. பிறவுணியின் நிறைக்கு அந்த எல்லை 1.6 லீற்றர், அவள் இரண்டரை லீற்றர் வரை குடித்துக்கொண்டிருந்தாள். முதிய பெண் நாய் இவ்வாறு குடித்தால், சிறுநீரகப் பாதிப்பு, நீரிழிவு, ஈரல் நோய், சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள அதிரீனல் சுரப்பியின் மிகைச்சுரப்பு ஆகியவற்றோடு, கருப்பை அகற்றப்படாதிருந்தால் கருப்பையில் சீழ் கட்டும் நோயையும் நினைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் நாய் சூட்டுக்கு வந்துபோன சில வாரங்களில் தோன்றி, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடும். எங்களிடம் அவள் கடைசியாக எப்போது சூட்டுக்கு வந்தாள் என்றுகூட அந்த நிலையத்தில் கேட்கவில்லை. வயது இந்த நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. எந்த நோய் என்று தேடிப் பார்க்க வேண்டியதற்கான காரணமே வயதுதான்.

அளவுக் குறிப்போடு வேறொரு மிருக வைத்தியரிடம் போனோம். அவர் முதலில் வயிற்றை ஸ்கான் செய்து கருப்பையில் சீழ் இல்லை என்பதை உறுதிப்படுத்தினார். குருதியும் சிறுநீரும் எடுத்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினினின் அளவு குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 3.6 மில்லிகிராமாக இருந்தது. மீண்டும் எடுத்துப் பார்த்தபோதும் பெரிய மாற்றமில்லை. ஸ்கானில் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கித் தெரிந்தன. நாய்களின் நாட்பட்ட சிறுநீரக நோயை உலகெங்கும் நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றும், 2.9 முதல் 5.0 வரையான அளவு மூன்றாம் நிலை என்றும், பரிசோதனை முடிவு வந்த தாளிலேயே எழுதிக் காட்டி விளக்கினார். கிரியற்றினின் இயல்பான எல்லையைத் தாண்டும்போது சிறுநீரகத்தின் செயற்றிறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏற்கெனவே இழக்கப்பட்டிருக்கும் என்பதையும் அவரே சொன்னார். சிறுநீர் ஐதாகி, விடாய் கூடுவது அதற்கு முன்னரே தெரியும் அறிகுறி. நாங்கள் முதல் நாளிலேயே வாயால் சொன்ன அறிகுறி அது.

பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இருக்கவில்லை. "இதுவரைக்கும் என்ன ஊசி போட்டவை? எப்ப கடைசியாப் போட்டது?" என்று கேட்டார். அட்டையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

அந்த ஒற்றைச் சொல்லால் விளைந்த துன்பத்தை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். மூட்டு நோவுக்குப் போடப்படும் ஊசி இரண்டு பெரும் வகைகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஒன்று டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட். மற்றது மெலொக்சிகாம் போன்ற, ஸ்டீரொய்ட் அல்லாத நோவு மருந்து. இரண்டாம் வகை சிறுநீரகத்துக்குப் போகும் குருதி ஓட்டத்தைக் குறைக்கக்கூடியது. ஆகவே முதிய நாய்க்கு அதைத் தொடர்ந்து கொடுப்பதற்கு முன்னும் இடையிலும் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பது வைத்தியத்தின் அடிப்படை ஒழுங்கு. இரண்டு வகைகளையும் ஒன்றோடொன்று கலந்தோ, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றியோ கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் ஏற்பட்டுக் குருதி கசியும் ஆபத்து உண்டு. ஸ்டீரொய்ட் ஊசிகளில் சில வாரக்கணக்கில் உடம்பில் நின்று வேலை செய்பவை. அத்தோடு ஸ்டீரொய்ட் சிறுநீரை ஐதாக்கும், குருதியில் ஈரல் சார்ந்த சில அளவுகளை உயர்த்தும். பிறவுணியின் முடிவுகளில் அந்த இரண்டுமே காணப்பட்டதால், எது நோயினால் வந்தது, எது ஊசியினால் வந்தது என்று பிரித்தறிய இந்த வைத்தியர் மிகவும் சிரமப்பட்டார். எது ஏற்றப்பட்டது என்று தெரியாததால், புதிய நோவு மருந்து எதையும் உடனே தொடங்க அவர் துணியவில்லை. உடம்பிலிருந்து பழைய மருந்து நீங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். அந்த இடைக்காலத்தில் அவள் எழும்ப முயன்று முடியாமல் முனகியதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஓர் அட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதியிருந்தால் அவளுக்கு அந்த வலி நேர்ந்திருக்காது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான் இருக்கிறது.

அந்த ஊசிகள்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தன என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. நோய் முன்பே இருந்திருக்கலாம், ஊசி அதை விரைவுபடுத்தியிருக்கலாம், மருந்தின் பெயர் தெரியாமல் எதையும் கூற முடியாது என்பதே அவருடைய நேர்மையான பதில்.

பெயரைத் தெரிந்துகொள்ள முதல் நிலையத்துக்கு மீண்டும் போனேன். வைத்தியர் வேறு நாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி உதவியாளரை அனுப்பினார்கள். அவர், "எல்லாருக்கும் போடுற மருந்துதான் அக்கா, நாங்கள் அதுகளை எழுதி வைக்கிறேல்லை" என்றார். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்வரை பதில் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஊசி நாயின் தோலில் ஏறுவதற்கு முன் அதன் பெயரைக் கேளுங்கள். குப்பியைக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், அளவு, திகதி மூன்றையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. இப்போது பிறவுணியைப் பார்க்கும் வைத்தியர், நாங்கள் கேட்கும் முன்னரே இவற்றை எழுதித் தருகிறார். "வயசு போட்டுது" என்று சொல்லப்பட்டால், எந்தெந்த நோய்கள் இல்லை என்று பார்த்தாயிற்று, எந்தப் பரிசோதனையால் அது தெரியவந்தது என்று கேளுங்கள். ஒன்றும் பார்க்கப்படவில்லை என்றால் குறைந்தது சிறுநீரையாவது பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு நாயைக் குத்தவே தேவையில்லை, காலையில் அவள் கழிக்கும்போது சுத்தமான ஏனமொன்றில் நீங்களே ஏந்திக்கொண்டு போகலாம். பரிசோதனைக்குச் செலவழிக்க வசதி இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, எந்த ஒன்றை முதலில் செய்தால் கூடுதல் பயன் என்று கேளுங்கள். பதிலை மறுக்கிற இடத்தில், சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று நம்பிக் காத்திருக்காமல் வேறு வைத்தியரிடம் போங்கள்.

இலங்கையில் கால்நடை மருத்துவப் பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் பேராதனைதான். அங்குள்ள போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஏ-9 வீதியில் 320 கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டும். நடக்க முடியாத முதிய நாயை அத்தனை தூரம் ஏற்றிச் செல்வது எல்லோராலும் முடியாது. அதனால்தான் இங்கே, எங்கள் ஊரில் கிடைக்கும் பதில் தெளிவாக இருக்க வேண்டியது இவ்வளவு அவசியமாகிறது. இந்நாட்டில் மிருக வைத்தியம் பார்ப்பவர் 1956ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கவனிக்கும் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். என் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அந்த அட்டையின் பிரதியை இணைத்து நானும் அனுப்பவிருக்கிறேன்.

பிறவுணி இப்போது வைத்தியர் எழுதித் தந்த உணவுமுறையில் இருக்கிறாள்: சோறு, அளவோடு இறைச்சி, முட்டையின் வெள்ளைக்கரு, கருவாடும் எலும்பும் முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டன. சிறுநீரக நிலைக்கேற்ப அளவு குறைத்த வேறொரு நோவு மருந்தும் கொடுக்கிறோம், அதன் பெயர் எங்கள் கொப்பியில் இருக்கிறது.

பெயர் சொல்லப்படாத ஊசி உங்கள் நாய்க்கும் அண்மையில் போடப்பட்டிருந்தால், போட்ட திகதியையும் அதன் பின் நாயிடம் கண்ட மாற்றங்களையும் இன்றே குறித்து வைத்து, அடுத்த வைத்தியரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். அதுவரை நோவு தாங்காமல் அவதிப்படுகிறது என்று இரங்கி, வீட்டிலுள்ள டைக்குளோபெனக்கையோ இபுபுரொபனையோ பரசிற்றமோலையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.