அமெரிக்க வரைபட மரப்புதிர்: மரம் முதல் தரம், மிச்சிகன் பாதிதான்

பாரிமுனை பந்தர் தெருவில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். மரம் நல்ல கனம். கையில் சிராய் ஏறவில்லை, சாயமும் ஒட்டவில்லை. ஆறாவது படிக்கும் என் மகள் டெக்சாஸ், ஃபுளோரிடா எல்லாம் பார்க்காமலே வைக்கிறாள். பெரிய ஏரிகளுக்கு நீலம் அடித்துப் பெயரும் எழுதியிருப்பது ரொம்பப் பிடித்தது. வடகிழக்கில் குட்டி மாநிலங்களைச் சேர்த்து ஒரே துண்டாக்கிவிட்டார்கள். தொலையாமல் இருக்கும், அதனால் பரவாயில்லை.

மிச்சிகன் விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. என் அண்ணன் லான்சிங்கில் இருக்கிறான். அந்த மாநிலத்தின் கீழ்ப்பகுதி கையுறை போட்ட கை மாதிரி இருக்கும். ஊர் எங்கே என்று கேட்டால் அங்கே எல்லாரும் கையை விரித்துத் தொட்டுக் காட்டுவார்கள். அவனும் வீடியோ காலில் மகளுக்கு அப்படித்தான் காட்டினான்: உள்ளங்கை நடுவில், கொஞ்சம் கீழே. அவள் புதிரில் தேடினால் அந்தக் கை மட்டும்தான் மிச்சிகன். வடக்கே உள்ள மேல் தீபகற்பத்தை விஸ்கான்சினோடு சேர்த்து ஒரே பச்சைத் துண்டாக வெட்டியிருக்கிறார்கள்.

நிலம் தொட்டுக்கொண்டிருப்பது விஸ்கான்சினைத்தான், வாஸ்தவம். ஆனால் அது மிச்சிகனுக்குச் சும்மா வந்த நிலமா? 1835இல் டொலிடோ இருக்கும் நிலப்பட்டைக்காக ஒஹையோவோடு மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பக்கமும் படை திரட்டின, நல்லவேளை உயிர் போகவில்லை. பட்டையை விட்டுக்கொடுத்தால்தான் மாநில அந்தஸ்து என்று அமெரிக்க நாடாளுமன்றம் கறாராக இருந்தது. ஈடாகக் கிடைத்ததுதான் மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி. 1837 ஜனவரி 26, நம் குடியரசு தினத் தேதியில், மிச்சிகன் 26ஆவது மாநிலமானது. வெறும் காட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று அன்றைக்குக் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1840களில் அந்தக் காட்டில்தான் செம்பும் இரும்பும் வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு தீபகற்பங்களுக்கும் நடுவே இருப்பது மாக்கினா நீரிணை. 1957இல் பாலம் திறக்கும்வரை கார்களைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். பாலம் மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர். இந்தப் புதிரை வைத்துக்கொண்டு அதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கூட வரும் கையேட்டில் தலைநகர் டெட்ராய்ட் என்று வேறு போட்டிருக்கிறது. 1847லேயே லான்சிங்குக்கு மாற்றியாகிவிட்டது. கார் தொழிற்சாலைகளை வைத்து நம் சென்னையையே இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறோம், அந்த ஊர் பிரபலம்தான். அதற்காகத் தலைநகர் ஆகிவிடுமா? பிள்ளைகள் பரீட்சையில் இதையே எழுதிவிட்டு வருவார்கள்.

கடைக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, தயாரிப்பவர்களுக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். அதுவரை, வாங்குபவர்கள் பக்கத்தில் ஒரு அட்லஸ் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பச்சையின் மேல்பாதிக்கு மிச்சிகனின் மஞ்சளை அடித்துக் கொடுத்திருக்கிறேன். மரவேலைக்காக ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.