குளச்சலில் மூன்று பழைய வீடுகளுக்குக் குளிர்வசதியும் வெந்நீர் வசதியும்: ஓராண்டுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய நானூறு மீட்டர் தள்ளி, ஒரே தெருவில், எங்கள் குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. அம்மா வசிக்கும் ஓட்டு வீடு, 1956-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பே, திருவிதாங்கூர் காலத்தில் தாத்தா கட்டியது. அதை ஒட்டியிருக்கும் கான்கிரீட் வீடு 1986-இல் நானும் கணவரும் கட்டியது. எதிர்ப்புறம் இருக்கும் இரண்டு மாடி வீடு, தம்பி வளைகுடாவில் சம்பாதித்துச் சுனாமிக்குப் பிறகு எழுப்பியது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் இந்த மூன்று வீடுகளுக்கும் குளிர்வசதியையும் வெந்நீர் வசதியையும் சீராக்கித் தருமாறு நாகர்கோவிலிலிருந்து ஏசியும் வெந்நீர்க் கருவிகளும் பொருத்தும் ஒரு நிறுவனத்தாரை அழைத்தோம். அவர்கள் செய்த வேலை ஒரு கோடையையும் இரண்டு பருவமழைகளையும் கடந்துவிட்டது என்பதால் இப்போது எழுதுகிறேன். வேலை முடிந்த மறுநாளே இணையத்தில் அவர்களுக்கு நட்சத்திர மதிப்பீடு போட்டிருந்தால், கடற்கரை வீட்டுக்காரர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

இவர்களுக்கு முன் வேறொரு கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். வாசலில் நின்றபடியே அறைகளின் நீள அகலத்தைக் கேட்டு, நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்று கணக்குப் போட்டு, மூன்று வீட்டுக்குமாக எட்டு ஏசிகளுக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஓர் அறைக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்பதை அதன் பரப்பளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே இருப்பது ஓடா கான்கிரீட்டா, மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, கண்ணாடி எவ்வளவு, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பவை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்த நிறுவனத்தார் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். முதல் முறை பிற்பகல் மூன்று மணிக்கு, அடுத்த முறை இரவு ஒன்பது மணிக்கு. இரவில் எதற்கு என்று கேட்டேன். "டீச்சர், கான்கிரீட் பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரிதான் கீழ விடும். நீங்க தூங்குற நேரத்துல கூரை எப்படி இருக்குன்னு பார்க்கணும்லா" என்றார் மூத்த டெக்னீஷியன். அந்த ஒரு பதிலிலேயே எனக்கு அவர்கள்மீது நம்பிக்கை வந்துவிட்டது.

துப்பாக்கி போன்ற வெப்பமானியை அவர் எங்கள் படுக்கையறைக் கூரையை நோக்கிப் பிடித்தபோது, இரவு ஒன்பது மணிக்கு அது 38 டிகிரி காட்டியது; வெளியே முற்றத்தில் காற்று 28 டிகிரிதான் இருந்தது. இந்தக் கூரையை இப்படியே விட்டுவிட்டு ஏசி மாட்டினால், அது பாதி இரவு வரை கூரையைக் குளிர்விக்கும் வேலையைத்தான் செய்யும் என்று விளக்கினார். ஆகவே முதலில் மொட்டைமாடியைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கை பூசினார்கள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அப்படியே இருந்து பாருங்கள், எத்தனை டன் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விற்கக்கூடிய பொருளைத் தாங்களே தள்ளிப்போட்ட ஒரு வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. பதினைந்து நாள் கழித்து அதே நேரத்தில் அளந்தபோது கூரை 33 டிகிரியில் இருந்தது. முன்பு ஒன்றரை டன் ஏசி ஓடிய அறைக்கு இப்போது, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியே போதுமானதாக இருக்கிறது.

கடற்கரையில் ஏசியின் ஆயுளை உப்புக்காற்றுதான் தீர்மானிக்கிறது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றவள். எங்கள் பழைய ஏசியின் அவுட்டோர் யூனிட் மேற்குச் சுவரில், கடலைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தது. நான்கே ஆண்டுகளில் கேஸ் ஒழுகி நின்றுபோனது. டெக்னீஷியன் அதைக் கழற்றித் தரையில் வைத்து, பின்புறத் தகடுகளை விரல் நுனியால் லேசாகத் தேய்த்துக் காட்டினார். அலுமினியத் தகடுகள் திருநீறு போல உதிர்ந்து அவர் விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டன. உள்ளே செம்புக் குழாய்கள் மட்டும் பச்சைபூத்து நின்றன. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும் என்றும், ஆனி முதல் ஆவணி வரை கடலிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று அந்த உப்பை நேராகக் கொண்டுவந்து அடிக்கும் என்றும் அவர் சொன்னார். புதிய யூனிட்டை வீட்டின் கிழக்குப் பக்கம், காற்று நேராகப் படாத மறைவில் வைத்தார்கள். அதற்காக ஆறு மீட்டர் கூடுதல் செம்புக் குழாய் தேவைப்பட்டது. மீட்டர் கணக்கில் அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள், நான் மனநிறைவோடுதான் கொடுத்தேன். தகடுகளில் அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ள மாடலையே தேர்ந்தெடுத்தார்கள். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு ஸ்டாண்டும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளும் போட்டார்கள்.

மாதம் ஒருமுறை யூனிட்டை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவச் சொன்னார்கள். முன்பும் கழுவிக்கொண்டுதான் இருந்தேன் என்று நான் சொன்னதும், எந்தத் தண்ணீரில் என்று அவர் கேட்டார். கிணற்றடி வாளியைக் காட்டினேன். அவர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னையும் சுவைக்கச் சொன்னார். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பழகிப்போன அந்த நீரின் உவர்ப்பு அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரையும், மழைக்காலத்தில் பிடித்து வைக்கும் நீரையுமே அதற்குப் பயன்படுத்துகிறோம்.

பொருத்தும் வேலையிலும் அவசரம் காட்டவில்லை. குழாய் இணைத்தவுடன் நைட்ரஜனை அழுத்தி ஒழுக்கு பார்த்தார்கள். பிறகு வேக்குவம் பம்பு வைத்து உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சி எடுத்தார்கள். இன்றைய ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பழைய குறுக்குவழியைத் தாங்கள் கைவிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டில் ஏசி மாட்டுபவர்கள் இந்த வேக்குவம் பம்பு வந்திருக்கிறதா என்பதை மட்டுமாவது கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்கள், தாழ்வாக இறங்கும் ஓட்டுக்கூரை, நடுவில் திறந்த முற்றம் என்று அமைந்த வீடு அது. பள்ளிப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்குள் நுழைந்தவுடன் உடம்பில் படும் குளுமையை அவர்களுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய அதே அறிவோடு கட்டப்பட்ட எங்கள் வீடு மட்டும் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று நான் யோசித்ததே இல்லை. காரணத்தை இவர்கள் ஏணி வைத்து ஏறிக் கண்டுபிடித்தார்கள். வௌவால் வருகிறது என்று, கூரையின் முக்கோண முகப்பில் இருந்த மரச்சட்டத் துளைகளை எப்போதோ பலகை வைத்து அடைத்திருந்தோம். மேலேறிய சூடான காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல் போயிருந்தது. பலகைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தார்கள். அன்று மாலையே முற்றத்திலிருந்து காற்று உள்ளே இழுபடுவதை அம்மா உணர்ந்து சொன்னார்கள்.

எண்பத்து நான்கு வயதான அம்மாவுக்கு இரவில் ஒரே ஓர் அறையில் மட்டும் ஏசி வேண்டியிருந்தது. மரத்தால் மச்சு அடித்த அறையைத்தான் அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓடு தெரியும் அறையில் மாட்டினால் குளிர்ந்த காற்று முழுவதும் ஓட்டு இடுக்கு வழியே போய்விடும் என்று விளக்கி, மச்சுப் பலகைகளின் இடைவெளிகளையும் கதவின் அடியையும் அடைத்த பிறகே ஏசியைப் பொருத்தினார்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சிறிய அறையில் குழாய்க்கு ஓட்டை போட அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, ஷீட்டையே ஒருநாள் முறைப்படி மாற்றுங்கள் என்றார்கள். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் வாங்கலாமா என்று கேட்டதற்கும், ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடற்காற்றில் அது குளிர்ச்சியைத் தராது, புழுக்கத்தைத்தான் கூட்டும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

வெந்நீர் விஷயத்திலும் வீட்டுக்கு வீடு வேறு யோசனைதான் கிடைத்தது. அம்மாவுக்குக் கோடையிலும் வெந்நீர்க் குளியல்தான். சிரட்டையும் மட்டையும் எரித்துச் சருவத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீருக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம் என்று பதினைந்து லிட்டர் கீசர் மட்டும் வைத்தார்கள். ஆனால் அதற்கு முன் குளியலறைக்குத் தனி வயர் இழுத்து, எர்த்தைப் புதிதாகப் போட்டு, கசிவு மின்சாரம் வந்தால் அணைக்கும் சுவிட்சையும் பொருத்தினார்கள். ஓட்டுக்கூரைமேல் சோலார் வெந்நீர்த் தொட்டி வைக்க முடியுமா என்ற கேள்விக்கே இடம் இல்லை. இருநூறு லிட்டர் தண்ணீர் மட்டுமே இருநூறு கிலோ எடை. எங்கள் மாடியில் ஏற்கெனவே இருந்த சோலாரை மாற்ற வேண்டியதில்லை என்று உப்புப் படிவை நீக்கி, தொட்டியை அரிப்பிலிருந்து காக்க அதற்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியை மட்டும் மாற்றினார்கள். எட்டுப் பேர் வந்துபோகும் தம்பி வீட்டுக்குத்தான் ஹீட் பம்ப் பொருத்தமாக இருந்தது. காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவி அது. நம் ஊர் போன்ற வெதுவெதுப்பான இடத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். விலை அதிகம்தான்.

தம்பி வீட்டில் ஏசிகள் போதாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சி இருந்தன. பெரிய ஏசி சில நிமிடங்களில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அலமாரிகளில் பூஞ்சை பூத்து, பட்டுச் சேலைகள் வீணானதற்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது. கூடத்து ஏசியைச் சிறியதாக மாற்றி, மேற்குக் கண்ணாடிகளுக்கு வெளியே நிழல் அமைத்து, 18-இல் வைக்கும் பழக்கத்தை விட்டு 24-இல் வைக்கச் சொன்னார்கள். 2020 முதல் புதிய ஏசிகள் எல்லாம் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அரசு விதித்திருக்கிறது. நாம்தான் ரிமோட்டை எடுத்துக் கீழே இறக்கிக்கொள்கிறோம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூச்சுக்குப் பிறகு காத்திருந்த நாட்கள் போக, ஐந்து நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினாறு நாள் இழுத்தது. இடையில் ஒருவரும் போன் எடுக்காத நாட்கள் உண்டு. தம்பி வீட்டில் ஹீட் பம்பைப் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே வைத்துவிட்டார்கள். அதிகாலையில் அது ஓடும் இரைச்சலில் யாராலும் தூங்க முடியவில்லை. மூன்று முறை சொன்ன பிறகே சமையலறைப் பின்புறத்துக்கு மாற்றினார்கள். அதே வீட்டில் ஒரு யூனிட்டுக்கு மட்டும் சாதாரண பெயின்ட் அடித்த ஸ்டாண்டைப் போட்டிருந்தார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் பற்றவைத்த இடமெல்லாம் துரு. எங்கள் வீட்டில் அத்தனை கவனமாகச் செய்தவர்கள், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பாதிக் காசு கேட்டார்கள். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, முதல் கடைக்காரர் எழுதிய எட்டு ஏசிகளுக்குப் பதிலாக மூன்று வீட்டுக்குமாக மூன்று புதிய ஏசிகளோடு வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசி மின்பயன்பாடு முந்தைய ஆண்டு 610 யூனிட். இந்த முறை 430. இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் ஏறிவிடுகிறது. ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல். பழைய மின்விசிறிகளை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளைப் போட்டதற்கும் இதில் பங்கு உண்டு.

அழைக்க நினைப்பவர்கள் தை, மாசி மாதங்களிலேயே அழைத்துவிடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் இவர்கள் வருவதற்கே இரண்டு வாரம் ஆகும். ஸ்டாண்டு எந்த வகை, போல்ட்டு எந்த வகை, குழாய் எத்தனை மீட்டர் என்பதை வேலை தொடங்கும் முன் ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வீடு என்றால், யூனிட் வைக்கும் இடத்தை உறவினர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.