பின்தெரு வாசல்

கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். தங்காமல் மதியச் சாப்பாடு மட்டும் சாப்பிடலாம். தலைக்கு 1,100 ரூபாய்.

தோழிகள் இருவரோடு போனேன். முகப்பைத் தாண்டி, வளவு என்னும் உள்முற்றத்தில் ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரத்தில் இலை போட்டார்கள். வெண்டைக்காய் மண்டியை முதலில் தொட்டேன். அரிசி களைந்த நீரில் கொதித்தால் வரும் வழவழப்பு அப்படியே இருந்தது. வெள்ளைப் பணியாரம் ஓரம் முறுகி, நடு மெத்தென்று, குறையே இல்லை. கோழி வறுவலில் மட்டும் மிளகாய்த்தூளின் பச்சை வாடை. கவுனி அரிசி இன்னும் வெந்திருக்கலாம்.

மோர் ஊற்றும்போதுதான் கார் ஓட்டி வந்த தம்பியைக் காணோம் என்று உறைத்தது. “டிரைவர்களுக்குப் பின்னால் தனி இடம்” என்றார்கள். போய்ப் பார்த்தேன். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்தெரு வாசலை ஒட்டித் தகரக் கூரை; எவர்சில்வர் தட்டில் சோறு, சாம்பார், அப்பளம். “எங்கே போனாலும் இப்படித்தான் அக்கா. இங்கே மின்விசிறியாவது இருக்கிறது” என்றான்.

அப்படிப்பட்ட வாசல் எனக்குப் புதிதல்ல. என் அப்பத்தா வேறோர் ஊரில் இதுபோன்ற வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய் அம்மி அரைத்தவள். மிஞ்சிய பணியாரத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். மண்டியின் பக்குவமும் அவள் சொல்லித்தான் தெரியும்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய பையன் பர்மாத் தேக்கைத் தட்டிக் காட்டினான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைத் தடவச் சொன்னான். பர்மாவின் நெல் விவசாயிகளுக்குச் செட்டியார்கள் கொடுத்த கடனின் வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. 1930-களில் நெல் விலை விழுந்தது, கடன் அடையவில்லை. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளுக்குப் போய்விட்டது. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தக் கதையைச் சொன்னால் சாப்பாடு செரிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

நான்காவது இலைக்கும் பணம் தருகிறேன், தம்பி உள்ளே உட்காரட்டும் என்றேன். மேலாளர் “மற்ற விருந்தினர்கள்...” என்று இழுத்தார். ரசீதில் ‘டிரைவர் சாப்பாடு: இலவசம்’ என்று அச்சிட்டிருந்தது.

ஆறு பணியாரம் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். வழியில் புளியமரத்தடியில் காரை நிறுத்தித் தம்பி நான்கு தின்றான். பணியாரம் சரி, வரமிளகாய்ச் சட்னியில் உப்பு ஒரு கல் குறைவு என்றான். நான் கவனிக்கவில்லை, தொட்டுப் பார்த்தேன், குறைவுதான்.