அறுந்த பெல்ட்டும் டிக் அடித்த ஜாப் கார்டும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் எழுத எவ்வளவோ இருந்தும், சித்தப்பாவின் காரில் அறுந்துபோன டைமிங் பெல்ட்டைத் தாண்டி என் மனம் நகர மறுக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில், பர்லியாரைக் கடந்த ஒரு கொண்டை ஊசி வளைவில், இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த அந்த டீசல் வண்டி திடீரென அணைந்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டது, பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிட்டது. பின்னால் வந்த அரசுப் பேருந்தின் நடத்துநர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். சித்தப்பா மறுபடி சாவியைத் திருப்பியபோது, "செல்ஃப் அடிக்காதீங்க சார், சத்தத்தைக் கேட்டா எஞ்சின் லேசா சுத்துது, பெல்ட் போயிருக்கு" என்று பேருந்து ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே சொன்னார். நான் வசிக்கும் இங்கிலாந்தில் இப்படி வழியில் நின்றால் ரெக்கவரி நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் ஆள் அங்கே நமக்காக வண்டியை நிறுத்த மாட்டார்.

மகிழ்ச்சி அத்தோடு முடிந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் க்ராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுபோய், காற்று வந்துபோகும் அந்த வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைப்பது இந்தப் பெல்ட்தான். இது அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். திறந்தபடி நின்ற வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து மோதும். சித்தப்பாவின் வண்டியிலும் வால்வுகள் வளைந்துவிட்டன. வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, கோவையில் உள்ள லேத் பட்டறைக்கு அனுப்பி, வால்வும் கேஸ்கட்டும் புதிதாகப் போட்டு வண்டியை எடுக்க ஏறத்தாழ 70,000 ரூபாய் ஆகும் என்றார் ஒர்க்‌ஷாப்காரர். பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வழிநடத்தும் ஐட்லர் உருளையையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பையும் காலத்தோடு மாற்றியிருந்தால் 12,000 ரூபாயில் முடிந்திருக்கும் என்பதையும், கேட்காமலேயே, அதே ஒர்க்‌ஷாப்காரர்தான் சொன்னார். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. ஏனென்றால் ஆண்டுதோறும் சர்வீஸ் பார்த்தவரும் அவரே.

சர்வீஸில் செய்த வேலைகளைக் குறித்துத் தரும் பழைய ஜாப் கார்டுகளைச் சித்தப்பா ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் டைமிங் பெல்ட் என்ற வரிக்கு நேராக, பரிசோதித்து நன்றாக இருப்பதாக டிக் அடித்திருந்தது. அந்தப் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஓடுவது. மூடியைக் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது. கழற்றிய மூடியை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் போல்ட் தலைகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டியான கறுப்புப் பொருக்கு படிந்திருக்க, அன்றைய ஸ்பேனர் பட்ட இடத்தில் மட்டும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பெல்ட்டிலோ ஒரு சாண் நீளத்துக்குப் பற்களே இல்லை, முதுகெல்லாம் வெடிப்பு, உள்ளே இருந்த கண்ணாடியிழை நூல்கள் பிரிந்து தொங்கின.

"ஒரு லட்சம் கிலோமீட்டருக்குத்தான் மாத்தணும்னு கம்பெனியே சொல்றான், உங்க வண்டி அறுபதாயிரம்கூட ஓடலையே" என்பது அவருடைய வாதம். பாதி உண்மை. இந்த இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்; 60,000 கிலோமீட்டர் என்பவர்களும் உண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் போகலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஆண்டுக் கணக்கும் இருக்கும், எது முந்துகிறதோ அதுவே கெடு. ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். சித்தப்பாவின் வண்டியோ பத்து வயதைத் தாண்டியது.

மலையில் கிலோமீட்டர் கணக்கே ஏமாற்று என்பது என் கட்சி. சமவெளியில் ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டீசல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை சுழலும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இரண்டாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போதும் சுழற்சி ஏறக்குறைய அவ்வளவுதான், கடக்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே ஓடோமீட்டர் காட்டும் ஒரு கிலோமீட்டருக்குப் பெல்ட் மூன்று கிலோமீட்டர் வேலையைச் செய்கிறது. வாழ்நாளெல்லாம் மலை வண்டிகளையே பார்க்கும் ஒருவருக்கு இதை வெளிநாட்டிலிருந்து வந்தவன் சொல்ல வேண்டியிருந்தது! பர்லியாரில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஏறிய அம்பாசடர் காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. அதில் பெல்ட்டுக்குப் பதிலாக இருந்தது செயின். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினிலும் செயின்தான். பழைய கார் வாங்கும் உறவினர்கள் மைலேஜைக் கேட்பதற்கு முன் பெல்ட்டா, செயினா என்று கேட்பது நல்லது.

இங்கிலாந்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அங்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்னும் வாகனத் தகுதிச் சோதனையும் இந்தப் பெல்ட்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் பெல்ட் மாற்றும் கராஜ்கள் பல, மாற்றிய தேதியையும் மைலையும் ஸ்டிக்கரில் எழுதி எஞ்சின் அறையில் ஒட்டுகின்றன; வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறைந்ததல்ல. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிப் பணம் வாங்குவது என் பார்வையில் சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. காப்பீட்டை நம்பிப் பயனில்லை. வழக்கமான வாகனப் பாலிசி இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை.

மனு எழுதித் தருகிறேன் என்றதற்கு, "நாளைக்கு அவர் மூஞ்சியிலதானேப்பா முழிக்கணும்" என்றார் சித்தப்பா. கடைசியில் கூலியை ஒர்க்‌ஷாப்காரர் விட்டுக்கொடுக்க, உதிரி பாகங்களுக்கும் லேத்துக்கும் நாங்கள் கொடுத்தோம். அது நியாயமான பங்கீடு என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்த அன்று கொடுத்த ஜாப் கார்டில் அடுத்த பெல்ட் மாற்றத்துக்குக் கிலோமீட்டர் மட்டுமே எழுதியிருந்தது. ஆண்டையும் எழுதச் சொன்னேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். ஓரத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை.