நல்ல கைக்கு உறையா, கண்ணாடியா, ரோபோவா?

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த மெஷின் நல்லது என்றுதான். அதற்கு முன் அந்தக் கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். மணிக்கட்டு மேலே எழும்புகிறதா? விரல்கள் கொஞ்சமாவது விரிகின்றனவா?

விரிந்தால், நல்ல கையை முடக்கிவைக்கும் பயிற்சிக்குத்தான் என் ஓட்டு. பலவீனமான கை ஓரளவு தேறிய பிறகும், கதவுக்கும் டம்ளருக்கும் நல்ல கையையே நீட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கை தேறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். அதனால் நல்ல கைக்கு ஒரு தடிமனான உறை. 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் இருந்தார்கள். உறை போட்டவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதோடு இருக்க வேண்டும். கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. ஓராண்டு கழித்தும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாக வேலை செய்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் 10 டிகிரியாவது நிமிராதவர்களை இதில் சேர்க்கவே இல்லை. எரிச்சலும் அதிகம்: ஒரு சட்டைப் பொத்தானுக்கே பொறுமை போய்விடும். தடுமாறி நடப்பவர் நடக்கும்போது உறையைக் கழற்றிவிட வேண்டும்.

விரல் அசையவே இல்லையா? அப்படியென்றால் கண்ணாடி. துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், ஆமாம், நம்ம ஊர்க்காரர்தான், கொண்டுவந்த உத்தி இது. 1999இல் பக்கவாதத்துக்கும் முயன்று பார்த்தார்கள். நெஞ்சுக்கு நேரே, இரண்டு கைக்கும் நடுவில், நல்ல கையைப் பார்த்தபடி கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னால் வைத்து, நல்ல கையை மடக்கி விரிக்க வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டு கையும் அசைவதுபோலத் தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் 62 ஆய்வுகளை அலசி, கை அசைவு மேம்படுகிறது என்றது. செலவு ஒரு கண்ணாடிதான். அலுப்பு மட்டும் நிச்சயம்.

கையை அசைக்க உதவும் ரோபோ இயந்திரம்? பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம். கையின் செயல்திறனில் வழக்கமான சிகிச்சையை ரோபோவால் முந்த முடியவில்லை. சும்மா கிடைத்தால் செய்யுங்கள், கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

போடாக்ஸ் ஊசி வேறு கணக்கு. இறுகிய விரல்களைத் தளர்த்தி உள்ளங்கையைக் கழுவவும் நகம் வெட்டவும் உதவும். கைக்குப் பலம் தராது.