பெரியப்பாவின் குரலைக் கிணற்றிலிருந்து தூக்கிய லெவலேட்டர்

குடியாத்தத்தில் என் பெரியப்பா ஐம்பது ஆண்டுகள் லுங்கி நெய்தவர். மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் அவருக்கு இன்னும் அது வடாற்காடுதான். போன மே மாதம் அவர் பேச்சை நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். கைப்பேசி என் மடியருகே இருந்தது. அவர் நான்கடி தள்ளித் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சத்துவாச்சாரிக்குத் திரும்பி வந்து கேட்டால், என்னுடைய "ம்ம், அப்புறம் பெரியப்பா?" காதைக் குத்துகிறது. அவர் பதிலோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியளவை இடத்துக்கு இடம் கையாலேயே ஏற்றி இறக்கிப் பார்த்தேன். மூன்று மாலைகளில் பன்னிரண்டு நிமிடம்தான் முடிந்தது. பிறகுதான் லெவலேட்டரை முயன்றேன்.

இலவச மென்பொருள். கான்வர்சேஷன்ஸ் நெட்வொர்க் என்ற அமெரிக்க ஒலிபரப்பு அமைப்புக்காக 2006இல் உருவானது. அந்த அமைப்பு 2012 இறுதியில் மூடப்பட்டாலும் என் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் இது சிக்கலின்றி ஓடுகிறது. திருகுவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. கோப்பை இழுத்துச் சாளரத்தில் போட்டால், பதிவு முழுவதையும் சில முறை அலசி, தாழ்ந்த குரலை ஏற்றி, உரத்த குரலை இறக்கி, பக்கத்திலேயே புதிய கோப்பாகச் சேமிக்கிறது. மூலப் பதிவைத் தொடுவதில்லை. வேவ் (WAV), ஏஐஎஃப்எஃப் (AIFF) வகை ஒலிக்கோப்புகளை மட்டுமே ஏற்கும் என்பதால் கைப்பேசிப் பதிவை முதலில் வேவ் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவுக்கு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கும் பழக்கம் உண்டு. "விடியற்காலை நாலு மணிக்கே தெருவில் பாவு போடுவோம்" (பாவு என்பது தறியின் நெடுக்கு நூல்) என்பதில் அந்தப் "போடுவோம்" மூலப் பதிவில் வெறும் மூச்சாகத்தான் இருந்தது. இப்போது தெளிவாகக் கேட்கிறது. தறிக்கான ஊடை நூலைத் தாராகச் சுற்றிய பெரியம்மா அடுத்த அறையிலிருந்து அவரைத் திருத்துவதும் கேட்கிறது. பெரியம்மாவின் குரல் பதிவில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது!

ஒரு எச்சரிக்கை. குரலை ஏற்றும்போது அதனடியில் கிடக்கும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் மின்விசிறியை நிறுத்திவிட்டு யாரையும் பேசவைக்க முடியாது. அதனால் பேச்சு தொடங்குமுன் பத்து வினாடி விசிறிச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அதை மாதிரியாகக் காட்டி ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைத்த பிறகே லெவலேட்டரில் போடுங்கள். முறையை மாற்றிச் செய்து விசிறியின் உறுமலோடு ஒரு பிரதி என்னிடம் கிடக்கிறது.

முப்பத்தோராவது நிமிடத்தில் பெரியப்பா, இறந்துபோன தம்பியைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். சமன் செய்த பதிவில் அது தெருவுக்கே கேட்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அந்த இருபது வினாடியை மட்டும் மூலப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டேன். கேட்பவர்கள் அங்கே ஒலியைக் கூட்டிக்கொள்ளட்டும்.