சுங்கை சிப்புட்டில் ஒரு கார் பட்டறை: நான்கு நாள், 1,480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்)

ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை பட்டாணிக்கு மாமா மகள் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான், மனைவி, அம்மா. பிறந்த தோட்டத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று அம்மா கேட்டதால் ஈப்போவுக்கு அப்புறம் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் வந்தேன், சுங்கை சிப்புட் நெருங்கும்போது சூட்டு முள் மேலே போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. பதின்மூன்று வருடக் கார். அதன்மேல் பழி போட மாட்டேன், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியவன் நான்தான்.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். ஸ்பேனரைக்கூடத் தொடாமல், "இன்ஜின் போச்சு, ஹாஃப் கட் போட்டுருங்க, 3,800" என்றார்கள், அதாவது வேறு பழைய காரிலிருந்து வெட்டி எடுத்த இன்ஜின். காரை விற்றாலே பத்தாயிரம் தேறாது. சரி, ஊருக்கே இழுத்துப் போகலாமா என்றால் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல், என் இன்சூரன்ஸில் இலவசம் 150 வரைதான், மிச்சத்துக்கு இழுவை லோரிக்காரர் 1,300 கேட்டார், அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ரிப்பேர் செலவு தனியாக இருக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் கைகாட்டிவிட்ட பட்டறை இது. செம்பனைத் (பாமாயில் மரம்) தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் தகரக் கூரை, பலகையில் எழுத்து வெளுத்துப்போய்விட்டது. நடத்துகிற அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, எண்ணெய் அளக்கிற டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். "எண்ணெயில தண்ணி கலந்து தே தாரிக் டீ மாதிரி இருந்தா கதையே வேற தம்பி, இது நல்லாத்தான் இருக்கு." அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி. இன்ஜினின் மேல்பகுதிக்கும் (ஹெட்) சிலிண்டர்களுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் காஸ்கெட் போய்விட்டது. திறந்து பார்க்க 250 வெள்ளி, பார்த்த பிறகு வேண்டாம் என்றால் அதோடு சரி, சிலிண்டர் சுவரில் கீறல் இருந்தால் செலவு பண்ணாதீங்க என்று அவரே சொன்னார். அந்த ஒரு பேச்சில்தான் நான் சம்மதித்தேன்.

அம்மா சம்மதித்தது வேறு காரணத்துக்கு. "தம்பி நீங்க எந்தத் தோட்டம்?" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்த கங்காணி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கங்காணியைத் தெரிந்தால் காஸ்கெட் ஒட்டிக்குமா என்று மனைவி என் காதில் கேட்டாள்.

சாயங்காலமே ஹெட்டைக் கழற்றிவிட்டார். துடைத்து, இரும்பு ரூலரைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்தார். இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் முடி கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. வளைந்திருக்கிறது, ஆனால் வெடிப்பு விடவில்லை. சிலிண்டர் உள்ளே பழைய குறுக்குக் கோடுகள்கூட அழியாமல் இருந்தன, கீறல் இல்லை. ஹெட்டை ஈப்போ மெஷின் கடையில் சீவிச் சமமாக்கிக்கொண்டு வந்தால் போதும் என்றார். மனைவியையும் அம்மாவையும் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இடிஎஸ் ரயில் ஏற்றிவிட்டேன், கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் போகவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஞாயிறு மெஷின் கடை மூடியிருக்கும் என்பதை முன்னாடியே சொல்லவில்லை, திங்கள் தருகிறேன் என்றவர் செவ்வாய் இருட்டின பிறகுதான் தந்தார், போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் கீழே நாய். பில்லில் 'டாப் ஓவர்ஹால் 1,480' என்று ஒரே வரி, கேட்ட பிறகுதான் காஸ்கெட் செட், ஹெட் போல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், சீவின கூலி, கூலண்ட் என்று பிரித்து எழுதினார். திறந்து பார்த்த 250 அதிலேயே அடக்கம். கழற்றின பழைய சாமான்களைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் சைக்கிளையும் தந்தார். அம்மா சொன்ன தோட்டத்துக்குப் போனேன். பால்மரம் (ரப்பர்) ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன்.

திரும்பும்போது தொண்ணூறைத் தாண்டாமல் ஓட்டினேன். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் கூலண்ட் அளவைப் பார்க்கிறேன், குறையவில்லை. வார நாளில் போய் மாட்டினால் தைரியமாக விடலாம், சனிக்கிழமை என்றால் தங்க இடம் பார்த்துக்கொண்டு விடுங்கள்.